ஆல் பாஸ்!

பொருள் எண் 1: சென்ற மாதப் பிறப்பு, இறப்புப் பதிவு விவரம், மன்றத்தின் பார்வைக்கு. பொருள் எண் 2: தெருவிளக்குப் பராமரிப்புக்கு உதிரிபாகங்கள் வாங்கிய செலவு, மன்றத்தின் அனுமதிக்கு. பொருள் எண் 3: தலைமை நீரேற்று நிலையத்தில் பழுதடைந்த மின்மோட்டாரை அவசர அவசியம் கருதிச் சரிசெய்தது, நகர்மன்றத் தலைவரின் முன் அனுமதி பெறப்பட்டது, மன்றத்தின் பதிவுக்கு. அப்புறம் வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமம், பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிட ஏலம், கொசுப்புழு ஒழிக்கத் தினக்கூலி ஆட்கள், குப்பை வண்டிக்கு டயர், நகராட்சிப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர், எரிவாயு தகன மேடைப் பராமரிப்பு.

தமிழ்நாட்டில் எந்த நகராட்சியின் மாதாந்திர அஜெண்டாவை எடுத்தாலும் ஏறக்குறைய இந்த வரிசைதான். ஐம்பது பொருள் இருக்கும். சில மாதம் நூறைத் தொடும். பிறப்புப் பதிவில் தொடங்கித் தகன மேடையில் முடியும் அந்தத் தாள்களுக்குள் ஓர் ஊரின் ஒரு மாத வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

கூட்டம் தொடங்கும். மன்ற எழுத்தர் பொருள் எண்ணையும் தலைப்பையும் வாசிப்பார். நாலைந்து எண் நகர்வதற்குள் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்: "ஆல் பாஸ்!" மேசை தட்டும் சத்தம். எதிர்வரிசையில் ஒருவர் எழுந்து, "எதிர்ப்பைப் பதிவு பண்ணுங்க" என்பார். பதிவாகும், அல்லது பதிவாகாது. மின்மோட்டாரும் டயரும் சுற்றுச்சுவரும் ஒரே மூச்சில் தீர்மானமாகிவிடும்.

அதற்குப் பிறகுதான் கூட்டம் சூடுபிடிக்கும். "எங்க வார்டுல நாலு நாளா தண்ணி வரலை." "சாக்கடை அடைச்சுக்கிட்டு நிக்குது, சானிட்டரி இன்ஸ்பெக்டர் போனையே எடுக்கிறதில்லை." "நாய்த் தொல்லை தாங்கலை, பள்ளிக்கூடப் பிள்ளைங்க போக முடியலை." "போன கூட்டத்துல சொன்ன லைட் இன்னும் எரியலை." ஒவ்வொன்றும் உண்மையான குறை. ஓட்டுப் போட்டவர்கள் காலையில் வாசலில் நின்று கேட்ட கேள்வியைத்தான் கவுன்சிலர் மன்றத்தில் வந்து கேட்கிறார். தலைவர் பொறியாளரைப் பார்ப்பார். பொறியாளர் "பார்த்துடறோம்" என்பார். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் "நகர்மன்றக் கூட்டத்தில் காரசார விவாதம்" என்று நாலு பத்தி வரும்.

அஜெண்டாவில் இருப்பதை யாரும் பேசுவதில்லை. பேசுவது அஜெண்டாவில் இருப்பதில்லை. நம் சிறு நகரங்களின் பெரிய கோளாறு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நாலு நாளாகத் தண்ணீர் வராததற்கும் பொருள் எண் 3இல் உள்ள மின்மோட்டாருக்கும் தொடர்பு உண்டு. அந்த மோட்டார் இந்த ஆண்டில் எத்தனையாவது தடவையாகப் பழுதாகிறது, ஒவ்வொரு தடவையும் யார் சரிசெய்தார், பழுதுக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டினால் புது மோட்டாரே வாங்கியிருக்கலாமா என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். அந்த எண்ணைத் தாண்டிப் போனபின் தண்ணீருக்காகக் குரல் உயர்த்தினால் மோட்டாருக்குக் கேட்காது.

ஒரு சிறுபாலத்தின் பயணம்

நகராட்சியின் ஒரு முடிவு எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஒரு தெருமுனைச் சிறுபாலத்தை எடுத்துக்கொள்வோம். மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது. தெருக்காரர்கள் கவுன்சிலரிடம் சொல்கிறார்கள். கவுன்சிலர் மனு எழுதித் தலைவரிடமும் ஆணையரிடமும் கொடுக்கிறார். பணி ஆய்வாளர் வந்து அளவெடுக்கிறார். பொறியியல் பிரிவில் எஸ்டிமேட் தயாராகிறது. தொகைக்கு ஏற்ற அதிகாரியிடம் தொழில்நுட்ப அனுமதி வாங்க வேண்டும். எந்த நிதியிலிருந்து செலவு என்று குறிக்க வேண்டும். நகராட்சியில் வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று கணக்குகள் தனித்தனி. இத்தனையும் முடிந்து, அலுவலகக் குறிப்போடு மன்றத்தின் நிர்வாக அனுமதிக்கு அது வருகிறது. முதல் வருகை இது.

அனுமதி கிடைத்தால் டெண்டர். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி அறிவிப்பு வெளியிட்டு, குறைந்தது பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்து, குறைந்த விலை கேட்டவரின் புள்ளியை ஏற்க மறுபடி மன்றத்துக்கு வருகிறது. வேலையின் நடுவே அளவு கூடினால் கூடுதல் செலவுக்கு மூன்றாம் முறையும் வரலாம். ஆக, ஒரு சிறுபாலத்தைப் பற்றிக் கேள்வி கேட்க மன்றத்துக்கு இரண்டு மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. எல்லா வாய்ப்பும் "ஆல் பாஸ்" என்ற இரண்டு சொல்லில் போய்விடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள் பொறியியல் பட்டம் தேவைப்படுபவை அல்ல. இந்தப் பாலத்துக்குக் கீழே போகும் தண்ணீர் அடுத்து எந்தத் தெருவுக்குப் போகும்? அங்கே வடிகால் இருக்கிறதா? அந்தத் தெருவின் கவுன்சிலர் இதே மன்றத்தில்தான் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவர் வாய் திறந்தால் போதும். ஒரு வார்டின் வெள்ளம் இன்னொரு வார்டுக்கு இடம் மாறுவது நின்றுபோகும். இருபது முப்பது பேரை ஓர் அறையில் உட்கார வைத்து மன்றம் என்று பெயர் வைத்ததே இதற்காகத்தான்.

சாலைக்கும் இப்படித்தான். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, வீட்டு வாசல்படி தெருவை விடத் தாழ்ந்து போன ஊர்கள் நம்மிடம் ஏராளம். மழை வந்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வரும். 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். உங்கள் தெருச் சாலை எஸ்டிமேட்டில் அந்தச் சுரண்டும் வேலைக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளும் கவுன்சிலர், மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் முழங்குபவரைவிடத் தன் வார்டுக்கு அதிகம் செய்தவர்.

இன்னும் கனமான பொருள்களும் ஒரே வரியில் வரும். கழிவுநீர் அகற்றும் லாரி பழுது என்று ஒரு பொருள் வரும். அது ஒத்திவைக்கப்பட்டால், லாரி ஷெட்டில் நிற்கும் அந்த மாதத்தில் அடைத்துக்கொள்ளும் பாதாளச் சாக்கடைத் தொட்டியை யார் திறப்பார்கள், யார் இறங்குவார்கள்? மனிதரைக் கழிவு அகற்ற இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடைக்குள் இறங்கி உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அந்த லாரிக்கான பொருள் எண்ணை ஓர் உயிரின் விஷயமாகத்தான் வாசிக்க வேண்டும்.

குப்பை அள்ளும் பணியை ஒப்பந்ததாரருக்கு விடும் பொருளும் அப்படியே. 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததும், நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியதும் நாடறிந்த செய்தி. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியார் கைக்குப் போனதுதான் அங்கே பிரச்சினை. தலைநகரில் அது செய்தியானது. சிறு நகராட்சியில் இதே மாற்றம் ஒரு பொருள் எண்ணாக வந்து, மேசை தட்டலோடு கடந்து போய்விடும். இருபது ஆண்டாகத் தெருவைக் கூட்டியவரின் பிழைப்பு அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

யார் கையில் சாவி?

கவுன்சிலர்கள் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் நாம் கேட்கும் பலவற்றின் சாவி அவர் கையில் இல்லை. ஊரின் முக்கியச் சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். பள்ளம் விழுந்தால் திட்டு கவுன்சிலருக்கு. பெரிய குடிநீர்த் திட்டத்தைப் போடுவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். பல ஊர்கள் சேர்ந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீரின் அளவை நகராட்சி தனியாக முடிவு செய்ய முடியாது. ஆணையர், பொறியாளர், நகரமைப்பு ஆய்வாளர் எல்லோரும் மாநில அரசால் நியமிக்கப்பட்டு மாற்றப்படுகிறவர்கள். மன்றம் ஒன்று சொல்லும், நகராட்சி நிர்வாக இயக்குநரகத்தின் சுற்றறிக்கை வேறொன்று சொல்லும். அலுவலர் எதற்குப் பயப்படுவார் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்குப் பதினெட்டுப் பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. நகரமைப்பு, சாலை, குடிநீர், பொதுச் சுகாதாரம், சேரி மேம்பாடு, பூங்கா, மயானம், தெருவிளக்கு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஆனால் அவற்றை ஒப்படைக்கலாம் என்பதுதான் சட்டத்தின் நடை. எவ்வளவு ஒப்படைப்பது என்பது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பம். டெல்லியிலிருந்து அதிகாரம் வேண்டும் என்று உரத்துக் கேட்கும் மாநிலம் நம்முடையது. அந்தக் கோரிக்கை நியாயமானது. அதே நியாயத்தோடு கோட்டையிலிருந்து நகர்மன்றங்களுக்கும் அதிகாரம் இறங்க வேண்டும்.

சொத்து வரி உயர்வில் இது நன்றாகத் தெரிந்தது. 2022 மார்ச்சில் புதிய மன்றங்கள் பதவியேற்றன. ஏப்ரலில் அரசின் வரி உயர்வு அறிவிப்பு வந்தது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். பதினைந்தாவது நிதிக்குழு, உள்ளாட்சி மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. அரசு அதைக் காரணமாகச் சொன்னது. டெல்லி நிபந்தனை, சென்னை அரசாணை, கடைசியில் தீர்மானம் போட வேண்டியது நகர்மன்றம். ஆளுங்கட்சியினர் மேசை தட்டினார்கள். எதிர்க்கட்சியினர் பல ஊர்களில் வெளிநடப்பு செய்தார்கள். நம் ஊரில் இத்தனை ஆண்டாக வரி விதிக்கப்படாமல் கிடக்கும் கட்டடங்கள் எவை, வணிகக் கட்டடத்துக்கு வீட்டு வரி கட்டிக்கொண்டிருப்பவர்கள் யார், அதைச் சரிசெய்தால் ஏழை வீட்டுக்காரரின் சுமை எவ்வளவு குறையும் என்று அந்த ஊரின் கணக்கை வைத்துப் பேச அங்கே இடமிருந்தது. அந்த இடத்தை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை என்பது வருத்தம்.

பணத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். நகராட்சியின் சொந்த வருவாயில் முதுகெலும்பு சொத்து வரி. ஆண்டுக்கு இரண்டு அரையாண்டு. அதோடு தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, ஏல வருமானம். தொழில் வரிக்கு ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சம் என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு சொல்கிறது. 1988இல் வைத்த உச்சம் அது. அன்றைய சம்பளமும் இன்றைய சம்பளமும் எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். நகராட்சியின் பங்கு மட்டும் அசையவில்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதம் மாநில நிதி ஆணையப் பகிர்வாக எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்து வருகிறது. வந்த பணத்தில் சம்பளம், ஓய்வூதியப் பங்களிப்பு, நீரேற்றத்துக்கும் தெருவிளக்குக்குமான மின் கட்டணம், பழைய திட்டக் கடனின் தவணை போனால், மன்றம் தன் விருப்பப்படி செலவிட மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்துக்குத்தான் வார்டுக்கு வார்டு இழுபறி. "எதிர்க்கட்சி வார்டுக்கு வேலை ஒதுக்குவதில்லை" என்ற குற்றச்சாட்டு எந்தக் கட்சி ஆண்டாலும் மாறாமல் கேட்கிறது. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த 2011 முறை போய், கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை 2022இல் வந்தபின், தலைவருக்கு ஒவ்வொரு கவுன்சிலரின் தயவும் தேவைப்படுகிறது. பேரம் கூடியிருக்கிறது. ஆனால் தலைவரைக் கேள்வி கேட்கும் பலமும் கவுன்சிலருக்கு அதே முறையால் கூடியிருக்கிறது என்பதைப் பலர் உணரவில்லை.

2023 ஜூலை முதல் நகராட்சி கவுன்சிலர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் கிடைக்கிறது. தலைவருக்கு 15,000. அதற்கு முன் கூட்டப்படி மட்டும்தான். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்று போனில் எழுப்பப்படும் ஒருவருக்கு இந்தத் தொகை கூடுதல் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த நாற்காலிகளில் பாதி இன்று பெண்களுடையவை. 2016இல் தமிழ்நாடு உள்ளாட்சியில் 50 சதவீத இட ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. கணவரோ அண்ணனோ அதிகாரிக்கு போன் போட்டு, "கவுன்சிலர் பேசறேன்" என்று சொல்லும் கொடுமை இன்னும் தொடர்கிறது. அதை அதிகாரிகள் ஏற்றுக்கொள்வது அதைவிடக் கொடுமை. ஆனாலும் தண்ணீர்ப் பொருளும் பொதுக் கழிப்பிடப் பொருளும் வரும்போது, பெண் கவுன்சிலர்கள் எழுந்து கேட்கும் கேள்விகளின் கூர்மையைக் கூட்டத்தில் உட்கார்ந்து கவனித்தவர்கள் அறிவார்கள். எந்த நேரத்தில் தண்ணீர் திறந்தால் வேலைக்குப் போகும் பெண் பிடித்து வைக்க முடியும், எந்தக் கழிப்பிடத்தில் தாழ்ப்பாள் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு எஸ்டிமேட் தேவைப்படுவதில்லை.

சேலத்திலும் ஈரோட்டிலும்

மதராஸ் மாகாணத்தில் 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து மறு ஆண்டே மன்னார்குடி, கும்பகோணம், சேலம், உதகமண்டலம் போன்ற ஊர்கள் நகராட்சிகள் ஆயின. 1882 மே மாதம் ரிப்பன் பிரபு கொண்டுவந்த தீர்மானம், அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்களுக்கு அங்கே பெரும்பங்கு வேண்டும், முடிந்த இடங்களில் அவர்களைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. நிர்வாகம் மேம்படும் என்பதைவிட, மக்களுக்கு அரசியல் பழக்கம் வரும் என்பதையே அவர் முதன்மைக் காரணமாக வைத்தார். சென்னையின் வெள்ளை மாளிகைக்கு அவர் பெயர் நிலைத்தது அதனால்தான்.

அந்தப் பழக்கம் இங்கே பெரிய மனிதர்களை உருவாக்கியது. 1917இல் ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவரானார். ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். பிற்காலத்தில் அரசியலில் இரு துருவமாக நின்ற நண்பர்கள், அன்று அடுத்தடுத்த ஊர்களில் குழாயையும் சாக்கடையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாஜி அக்ரஹாரத்தின் குடிநீர்க் குழாய் வேலைக்கு ஒரு தலித்தை அமர்த்தினார், வைதிகர்களின் எதிர்ப்பு கிளம்பியது, அவர் பின்வாங்கவில்லை. பெரியார் ஈரோட்டுக்குக் குடிநீர் கொண்டுவருவதிலும் தெருக்களை அகலப்படுத்துவதிலும் இறங்கினார். ஆக்கிரமிப்பு அகற்றும்போது சொந்தக்காரர், வணிகர் என்று தயவு பார்க்காதவர் என்ற பேர் அவருக்கு உண்டு. குழாய் வேலைக்கு யாரை வைப்பது என்பது அஜெண்டாவில் ஒரு பொருள் எண். சாதியின் கோட்டை மீது ஓர் அடியும் அதுதான். நேரு அலகாபாத்திலும் படேல் அகமதாபாத்திலும் சி.ஆர். தாஸ் கல்கத்தாவிலும் 1920களில் இதே நாற்காலியில்தான் இருந்தார்கள்.

இன்று நகர்மன்றத்தை எம்.எல்.ஏ. சீட்டுக்குப் போகும் வழியில் ஏறி இறங்கும் படியாக மட்டும் கட்சிகள் பார்க்கின்றன. குப்பைக் கிடங்கைப் பற்றிப் பத்து நிமிடம் தெளிவாகப் பேசத் தெரிந்தவருக்கு எந்தக் கட்சி அதற்காகப் பதவி கொடுத்திருக்கிறது?

ஐந்து ஆண்டு, ஒரே கையெழுத்து

மன்றமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நாம் அனுபவித்தே பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரில் நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. வழக்கு, வார்டு மறுவரையறை, ஒத்திவைப்பு என்று நீண்டு, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி. மொத்தம் 12,838 இடங்கள். அவற்றில் நகராட்சி வார்டுகள் மட்டும் 3,843. ஐந்தாண்டுக்கும் மேலாக இந்த நாற்காலிகள் எல்லாம் காலி.

தீர்மானப் புத்தகம் மட்டும் காலியாகவில்லை. தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆணையரே தனி அலுவலர். அலுவலகம் பொருள் வைக்கும், அவரே பரிசீலிப்பார், அவரே அனுமதிப்பார். அதே மின்மோட்டார், அதே டயர், அதே டெண்டர். கேட்க ஆளில்லை, எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்ல ஆளில்லை. வேலைகள் வேகமாக நடந்தன என்று சொல்பவர்கள் உண்டு. சில நடந்தும் இருக்கலாம். ஆனால் விளக்கு எரியாத தெருவில் வசித்தவர் அந்த ஐந்தாண்டும் யார் வீட்டு வாசலில் போய் நின்றிருக்க முடியும்? கோவிட் காலத்தில், எந்தத் தெருவில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு மருந்து வேண்டும் என்று பெயர் சொல்லித் தெரிந்த கவுன்சிலர்கள் நம் நகரங்களில் இல்லை. அந்த இழப்பை எந்தத் தணிக்கை அறிக்கையும் கணக்கிடாது.

"ஆல் பாஸ்" என்று மேசை தட்டும் மன்றத்தையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதற்குக் காரணம் இதுதான். அங்கே குறைந்தபட்சம் ஒருவர் எழுந்து நிற்க இடம் இருக்கிறது.

மக்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, மன்றங்கள், குழுக்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளை மக்கள் பார்க்க முடியுமா என்பதை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. அஜெண்டாவையும் தீர்மானங்களையும் கூட்டம் முடிந்த வாரமே நகராட்சி இணையதளத்தில் ஏற்ற எந்த நிதிக்குழுவின் மானியமும் தேவையில்லை. ஒரு ஸ்கேனர் போதும். செய்கிற ஊர்கள் இருக்கின்றன. செய்யாத ஊரில், சென்ற மூன்று மாதத் தீர்மானங்களின் நகல் வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு யாரும் கேட்கலாம். முதல் தடவை அலுவலகம் சுணங்கும். இரண்டாம், மூன்றாம் தடவைக்குப் பின், இந்தத் தீர்மானத்தை வெளியே ஒருவர் வாசிக்கப் போகிறார் என்ற நினைப்போடு அலுவலகக் குறிப்பு எழுதப்படும்.

2022இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு உண்டு. அதற்குக் கீழே பகுதி சபைகள் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று பல நகரங்களில் அவை கூடின. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு இது. ஆனால் கிராம சபைக்கு இருக்கும் வேர் இதற்கு இன்னும் பிடிக்கவில்லை. உங்கள் பகுதி சபையின் உறுப்பினர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தெருவோர வியாபாரிகளுக்கான நகர விற்பனைக் குழுவிலும் இதே நிலை. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. பேருந்து நிலையத்தில் பூக்கடை வைத்திருக்கும் அம்மாளுக்கு, தன்னைக் கிளப்பச் சொல்லும் முடிவில் தன் ஆளுக்கும் ஓட்டு உண்டு என்று யார் சொன்னார்கள்?

உள்ளூர்ப் பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநடப்பையும் நாற்காலி வீச்சையும் படம் பிடிப்பதோடு, நிறைவேறிய பொருள்களில் மூன்றையாவது எடுத்து, எவ்வளவு பணம், எந்தத் தெரு, யார் ஒப்பந்ததாரர் என்று எழுதுங்கள். படிப்பவர்கள் தங்கள் தெருப் பெயரைத் தேடிப் படிப்பார்கள்.

நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முதல் கூட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு; அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது, அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-யு பிரிவு. அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வார்டு மறுவரையறையையோ பட்டியல் தயாரிப்பையோ காரணம் காட்டி இதைத் தள்ளிப்போட முடியாது என்று மாநிலத் தேர்தல் ஆணையங்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் பதவியேற்ற மன்றங்களின் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் தேர்தல் நடத்துவதாக அரசும் ஆணையமும் தேதியோடு சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்சியும் அந்தத் தேதியைக் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், அவர் வார்டின் கடைசி மூன்று தீர்மானங்கள் என்ன என்று வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள்.